டஜனுக்கு இரண்டு குறைந்த குளவிகள்

ஒரு தொழிலில் கெட்டிக்காரனாக இருப்பவனை, பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் இன்னொரு தொழிலில் தனியாக விடக்கூடாது. இது எனக்குப் புரிவதற்கு நூற்றுப் பன்னிரண்டு குளவிகள் தேவைப்பட்டன.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கல்பட்டு பஜாரில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கும் காதர் பாய் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். இரண்டு தரப்பிலும் யாரும் அழவில்லை. ஒருவர் தயவும் இல்லாமல் ஒரு சைக்கிள், ஒரு தகரப் பெட்டி, பத்து விரல்கள், இவற்றை வைத்தே மேலே வந்தவன். இந்த மாவட்டத்தில் என் கை அளந்த துணி போகாத வீடு கிடையாது. (மிகை என்று நினைப்பவர்கள் தங்கள் பீரோவைத் திறந்து பார்க்கலாம்.)

ஐம்பதுகளில் அந்தத் தகரப் பெட்டியில் ஊசி, நூல், ரிப்பன், ஊக்கு, பொத்தான் இவை இருந்தன. திங்கட்கிழமை காலையில் செங்கல்பட்டில் ஏறி மிதித்தால் திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், அப்படியே கடலோரமாக மகாபலிபுரம். மணலில் நான் சைக்கிளைத் தள்ளினேனா, சைக்கிள் என்னைத் தள்ளியதா என்று சொல்வது கஷ்டம். பொத்தான் விஷயத்தில் மட்டும் எனக்கு நிகர் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சிப்பியா கண்ணாடியா, இரண்டு துளையா நாலு துளையா என்று சொல்வேன். மூட்டையாக வாங்கி, அளவு பிரித்து, நிறம் பிரித்து, அட்டைக்கு ஒரு டஜன் வீதம் தைத்துத் தொங்கவிடுவேன். என் அட்டையைப் பார்த்தால் சட்டை இல்லாதவனுக்குக்கூடப் பொத்தான் வாங்கத் தோன்றும்.

அந்தக் காலத்தில்தான் பூச்சி சார் வந்தார். அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஊர் வைத்த பெயர் இது. தென்னையைத் தின்னும் கருந்தலைப் புழுவுக்கு எதிரி தேடுவதற்காக, கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் சர்க்கார் அவரை உட்கார வைத்திருந்தது. ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் எந்நேரமும் நாலு கண்ணாடிக் குழாய். என்னை நிறுத்தி, பெட்டியிலேயே மெல்லிய ஊசி எது என்று கேட்டார். எதைத் தைக்க என்றேன்.

"தைக்க இல்லப்பா. குளவியைக் குத்தி வைக்க."

"இன்னா சார், அதுங்க தான நம்மள குத்தும்?"

மனிதர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு வேலை கிடைத்தது. நான் போகும் கடலோர ஊர்களில் தென்னை ஓலையிலும் வேலிச் செடியிலும் கிடைக்கும் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கி வர வேண்டும். வியாபாரத்துக்கு வியாபாரமும் ஆச்சு, தினக்கூலியும் ஆச்சு.

கூட்டுப்புழு ஒவ்வொன்றையும் ஒரு குழாயில் போட்டுப் பஞ்சு அடைத்து, எந்த ஊர், எந்த மரம், என்றைக்கு எடுத்தது என்று நான் சொல்லச் சொல்ல, சார் இங்கிலீஷில் சீட்டு எழுதி உள்ளே செருகுவார். சில நாளில் பாதிக் கூடுகளிலிருந்து அந்துப்பூச்சி வரும். மீதியில் வராது. அதற்குப் பதிலாகக் கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு, கறுப்பாக ஒரு குளவி வெளியே வரும். எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு. முதல் தடவை பார்த்தபோது சாரிடம் விவரம் கேட்டேன். தாய்க் குளவி கூட்டுக்குள்ளே முட்டையை வைத்துவிட்டுப் போய்விடுமாம். பிள்ளை உள்ளே பிறந்து, வீட்டுக்காரனையே தின்று முடித்து, கதவை உடைத்துக்கொண்டு வருமாம். செங்கல்பட்டில் வாடகைக்கு இருந்த சில பேர் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

சார் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, பின்னங்காலைப் பாரு என்றார். பார்த்தேன். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத தொடை. பஸ்கி எடுத்த பயில்வான் தொடை. அதன் அடியில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பல். நுனியில் ஒரு மஞ்சள் புள்ளி. இறக்கை முளைக்கிற இடத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு குட்டிப் பொத்தான்.

இந்தப் பயில்வான் கூட்டத்துக்கே பிராக்கிமேரியா என்று பெயர் என்றார். நம் ஊர் இனிஷியல் மாதிரிதான். முன்னால் குடும்பத்தின் பெயர், பின்னால் பிள்ளையின் பெயர். வெயில் அடிக்கிற தேசமெல்லாம் இந்தக் குடும்பம் பரவிக் கிடக்கிறது. மொத்தம் எத்தனை பிள்ளை என்று யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது. ஒன்றுக்குத் தொடை நுனியில் மஞ்சள், ஒன்றுக்கு அடியில், ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு ஒன்றுமே இல்லை. இதற்கெல்லாம் ஒரு மனிதன் சம்பளம் வாங்குகிறான் என்பதே எனக்கு முதலில் ஆச்சரியம். ஆனால் பத்து நாளில் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ரிப்பன் விற்கப் போன வீட்டில் முருங்கைக் கிளையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சாரை அரித்துக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. புதுப்பட்டினத்துத் தென்னைப் புழுவிலிருந்து வரும் குளவியும், திருக்கழுக்குன்றத்து வேலிச் செடியில் இலை சுருட்டும் புழுவிலிருந்து வரும் குளவியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதானா? ஒன்று என்றால் வேலியில் பெருகும் குளவியைத் தோப்பில் கொண்டுபோய் விடலாம். வேறு என்றால் விட்டும் பயனில்லை. நூற்றுப் பன்னிரண்டு குழாய்கள் சேர்ந்தது இதற்காகத்தான்.

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. அதன் பெயர் ஜொகரா.

புதுப்பட்டினத்தில் தென்னந்தோப்பு குத்தகை எடுத்திருந்த ஹமீது மாமாவின் மகள். (அப்போது மாமா இல்லை. நானாக மனசுக்குள் வைத்துக்கொண்ட முறை.) முகத்தைப் பார்த்ததில்லை. குரல்தான். ஒரு தடவை என் ஊக்கு அட்டையை அவள் தம்பி உள்ளே எடுத்துப் போனான். கதவுக்குப் பின்னாலிருந்து, "பதினொன்னுதான் கீது. பன்னெண்டாவது ஊக்கு எங்க, நடந்து வருதா?" என்று கேட்டது அந்தக் குரல். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

மாமாவிடம் ஆள் விட்டுக் கேட்டேன். தோப்பில் ஓலையெல்லாம் தீப்பட்ட மாதிரி காய்ந்து தொங்கிய நேரம். மனிதர் கடுகடுப்பாக இருந்தார். நேரிலேயே வரச்சொல்லிப் பதில் சொன்னார்.

"ரிப்பன் விக்கிறவனுக்குப் பொண்ணு குடுத்தா, நாளைக்கு என் பேரன் பலூன் விப்பான். கவர்மெண்டு உத்தியோகம்னு ஒரு காகிதம் காமி. அடுத்த மாசமே நிக்காஹ்."

காகிதம் கிடைக்கும் வழியில்தான் இருந்தது. பூச்சி அறைக்கு நிரந்தரமாக ஓர் ஆள் எடுக்கப் போகிறார்கள். சார் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதுவதாகவும் சொல்லியிருந்தார். பத்து நாள் சென்னைக்குப் போய் நூலகத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறேன், வந்ததும் முதல் காரியம் உன் லெட்டர் என்றார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார். மேஜைக் கால் வைத்திருக்கும் கிண்ணங்களில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எறும்பு ஏறக்கூடாது. மற்றபடி எதையும் தொடாதே.

எதையும் தொடாதே என்று ஒரு வியாபாரியிடம் சொல்லலாமா?

இரண்டு நாள் கிண்ணங்களுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் அந்தக் குழாய்களைப் பார்த்தேன். ஒரு சர்க்கார் ஆபீஸ் மாதிரியா இருந்தது? குழாய்க்கு ஒரு செத்த குளவி, அது தின்று போட்ட வெற்றுக் கூடு, அழுக்குப் பிடித்த ஒரு துண்டுச் சீட்டு. பெரிசும் சிறிசும் கலந்து கிடந்தன. இப்படிச் சரக்கு வைத்தால் எவன் மதிப்பான்? இவ்வளவு படித்த மனிதருக்குச் சரக்கு பிரிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது. சார் திரும்பி வரும்போது அப்படியே அசந்து போகட்டும், லெட்டரை இரண்டு பக்கமாக எழுதட்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன்.

ஆறு நாள் வேலை. என் வாழ்க்கையில் அப்படி உழைத்ததில்லை. ஒவ்வொரு குளவியையும் ஊசி முனையால் எடுத்து, கோந்து தொட்டு, பொத்தான் அட்டையில் வரிசையாக ஒட்டினேன். பெரியவை கோட்டு சைஸ். நடுத்தரம் சட்டை சைஸ். பொடிசு ஜாக்கெட் சைஸ். ஒவ்வொரு சைஸிலும் மஞ்சள் தொடை தனி, கறுப்புத் தொடை தனி. கால் உடைந்தது, தலை போனது, மொத்தம் நாலு. அவற்றைக் கழிசல் என்று பொட்டலம் கட்டினேன். மீதி நூற்றெட்டு. கணக்காக ஒன்பது டஜன். குழாய்களைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தேன். வெந்நீர் போட அடுப்புக்கு வெற்றுக் கூடுகளும் அந்தச் சீட்டுகளும் உதவின. சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கோழி கிளறின மாதிரிதான்.

ஒரே ஒரு குறை. கோட்டு மஞ்சள் அட்டையில் பத்துதான் இருந்தன. இரண்டு இடம் காலி. பக்கத்து அட்டையில் கோட்டுக் கறுப்பு பதினான்கு. முன்பல் இரண்டும் விழுந்த வாய் மாதிரி அந்தக் காலி இடம் என்னைப் பார்த்தது. யோசித்தேன். கடையில் மஞ்சள் வாங்கி வந்து, அரைத்து, கோந்தில் குழைத்து, ஊசி முனையால் தொட்டு, கறுப்புக் குளவி இரண்டுக்குத் தொடையின் நட்டநடுவில் ஒரு பட்டை போட்டேன். தொழில் சுத்தம். பத்தோடு பன்னிரண்டாக உட்கார்ந்துகொண்டன.

வெள்ளிக்கிழமை, என் பெருமையைப் பார்க்கட்டும் என்று ஹமீது மாமாவையும் வரச்சொல்லி இருந்தேன். தொழுகை முடிந்து நேராக வந்தார். சுவரில் ஒன்பது அட்டைகளும் தொங்கின. நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேங்காய் வியாபாரி அல்லவா, ஒரே கேள்விதான் கேட்டார்.

"டஜன் இன்னா விலை?"

அந்த நேரத்தில்தான் பூச்சி சார் ரயிலடியிலிருந்து பையோடு உள்ளே வந்தார். அட்டைகளைப் பார்த்தார். கவிழ்த்த குழாய்களைப் பார்த்தார். பை கையிலிருந்து தானாக இறங்கியது. அசந்து போவார் என்று எதிர்பார்த்தேன், அசந்துதான் போனார்.

"காதர், சீட்டெல்லாம் எங்கப்பா?"

சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலை. பீரோவைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்து விரித்துக் காட்டினார். அதில் நூற்றுப் பன்னிரண்டு வரி. எந்த ஊர், எந்த மரம், எந்தப் புழு என்று எல்லாமே இருந்தது. எந்த வரி எந்தக் குளவிக்கு என்பது சீட்டில் இருந்த நம்பரில் இருந்தது. நம்பர் அடுப்பில் இருந்தது.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் எதுக்கு சார், சரக்கு நல்லா கீதா இல்லையா என்று கேட்டேன். சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பார்க்க ஒன்றாக இருப்பது ஒன்றுதானா என்பதுதானே என் கேள்வி, பார்க்க ஒன்றாக இருப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டாயே என்றார். பிறகு ஜாக்கெட் அட்டையைக் கையில் எடுத்து, பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக, "இதெல்லாம் ஆம்பளைப்பா. ஆம்பளை சின்னதா இருக்கும். புருஷனை ஜாக்கெட்ல போட்டு, பெண்டாட்டியைக் கோட்டுல போட்டிருக்கே" என்றார்.

ஹமீது மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். என் நிக்காஹ் வாசற்படி தாண்டப் போகிறது.

சார் ஏதோ பழக்கத்தில் பூதக்கண்ணாடியை எடுத்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனார். கோட்டு மஞ்சள் அட்டை வந்தது. பதினோராவது குளவி வந்தது. கை நின்றது. ஜன்னல் பக்கம் எடுத்துப் போனார். மறுபடியும் பார்த்தார். காது சிவந்தது.

"தொடை நடுவுல பட்டை. இதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எந்தப் புஸ்தகத்திலயும் இல்லை. ரெண்டு இருக்கு! காதர், ரெண்டு இருக்குப்பா!"

என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கோந்து போட்ட மாதிரி.

அவருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. போனது போகட்டும், இது ஒன்று போதும் என்றார். இது உலகத்துக்கே புதுசு, இதைக் கண்டெடுத்தவன் நீ, முன்னால் பிராக்கிமேரியா, பின்னால் உன் பெயரையே வைக்கிறேன், லெட்டர் இன்றைக்கே எழுதுகிறேன் என்றார். ஹமீது மாமா துண்டை மறுபடி தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டு உட்கார்ந்தார். எனக்கு உத்தியோகம் தெரிந்தது. பெண் தெரிந்தாள். என் பெயர் தாங்கிய குளவிகள் வெயில் தேசமெல்லாம் பறப்பது தெரிந்தது. சும்மா இருந்தாலே போதும். சும்மா இருப்பதை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. அன்றைக்கு முழு மனதோடு செய்தேன்.

சார் ஒரு சின்னத் தூரிகையை எடுத்தார். தூசி இருக்கு, கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் வைக்கிறேன் என்றார்.

துணியோடும் கறையோடும் பிழைப்பவனுக்கு ஒன்று தெரியும். மஞ்சள் மேல் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று.

"சார்," என்றேன். "சோப்பு வேணாம் சார்."

"ஏன்?"

"செவந்துரும் சார்."

"எது?"

"தொடை, சார்."

(என்னை நேர்மையானவன் என்று நினைத்துவிட வேண்டாம். அகப்படுவதற்கு ஒரு நொடி முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.)

 பூச்சி சார் என்னையே பார்த்தார். பிறகு, அதுதான் அந்த மனிதர், தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அந்தத் தொடையில் வைத்தார். பட்டை குங்குமமாகச் சிவந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தார். எழுந்து எனக்குக் கொடுத்தார். நான் பார்த்தேன். ஹமீது மாமா, "இப்டி குடு" என்று வாங்கி அவரும் பார்த்தார். மூன்று பேரும் மாறிமாறிப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது.

லெட்டர் எழுதப்படவில்லை. அதற்குப் பதில் நூற்றுப் பன்னிரண்டு புதுக் குழாய்கள் கொடுக்கப்பட்டன. ஊர் ஊராக, மரம் மரமாக, மறுபடி முதலிலிருந்து. ஒரு மாதத்துக்கு மேல் அலைந்தேன். ஒவ்வொரு சீட்டையும் நானே தமிழில் எழுத வேண்டும், எழுதியதைச் சார் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும் என்று உத்தரவு. என் கையெழுத்துக்குப் பள்ளிக்கூடம் செய்யாததைக் குளவி செய்தது.

அப்படித்தான் ஒரு காலையில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு புதுப்பட்டினத்து வீட்டு வாசலில் நின்றேன். தோப்பில் கூடு பொறுக்க அனுமதி கேட்கத்தான் போனேன். வேறு எதுவும் கேட்க எனக்கு வாய் இல்லை. ஹமீது மாமா என்னைக் கண்டதும் உள்ளே பார்த்து, வந்துட்டான் என்று மட்டும் சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ரெண்டு குறைஞ்சதுக்கு மஞ்ச பூசி டஜன் ரொப்புன ஆளு இவருதானே அத்தா?"

"ஆமா."

"கவர்மெண்டுல ஒரு வாரம் தாங்க மாட்டாரு. கடை வெச்சுக் குடுத்து, பக்கத்துல எண்ணிப் பாக்க ஒரு ஆளும் இருந்தா, பொழச்சுக்குவாரு."

மாமா என்னைப் பார்த்தார். "இன்னா சொல்ற?" என்றார்.

ஆறு மாதத்தில் நிக்காஹ். அடுத்த வருஷம் பஜாரில் கடை. பக்கத்தில் எண்ணிப் பார்க்க ஆள்.

சாரின் கேள்விக்கும் விடை கிடைத்தது. தொடைக்கு அடியில் இருக்கும் அந்தச் சீப்புப் பல்லை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருக்கிறார். தென்னைக் குளவியும் வேலிக் குளவியும் வேறு வேறு. நிறம் ஒன்று, அளவு ஒன்று, பிள்ளை வேறு. என் அட்டைகளில் அவை ஒரே டஜனில் தோளோடு தோள் ஒட்டி இருந்திருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் கண்ணை மூடிக்கொண்டு பொத்தான் சொல்கிறவன். கண்ணைத் திறந்துகொண்டு அதைப் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்துச் சார் ஓய்வு பெற்றபோது தபாலில் ஒரு சின்ன டப்பி வந்தது. உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய், அதில் சிவப்புத் தொடையோடு ஒரு குளவி. சீட்டில் தமிழில், சாரின் கையெழுத்து. ஊர்: செங்கல்பட்டு. மரம்: பொத்தான் அட்டை. கண்டெடுத்தவர்: காதர். பின்னாளில் அவரிடம் படிக்க வந்த மாணவர்களுக்கெல்லாம் முதல் பாடத்தில் அதைக் காட்டித்தான் சீட்டின் அருமையைச் சொல்வாராம். ஆக, விஞ்ஞானத்தில் எனக்கும் ஓர் இடம் உண்டு. (எந்த இடம் என்று கேட்காதீர்கள்.) அது இன்னும் எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நான் விருந்தாளிகள் முன்னால் என் பெருமையைக் கொஞ்சம் நீட்டிப் பேச ஆரம்பித்தால், உள்ளேயிருந்து ஜொகரா நிதானமாக, "யாராச்சும் அந்த சோப்ப கொண்டாங்க" என்பாள். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். மருமகள்கள் கற்றுக்கொண்டார்கள். இப்போது கடைச் சிப்பந்திகள்கூடச் சொல்கிறார்கள், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

இதை எழுதி முடித்ததும் அவளை உட்காரவைத்து முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். "மூன்று மாடி ஜவுளிக்கடை" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். பேத்தி பக்கம் திரும்பினாள்.

"சோப்பு கொண்டாடி."

சரி. மூன்றாவது மாடி தகரக் கொட்டகைதான்.